எல்லிப்பட்டினத்து மன்றத்தாருக்குத் தண்ணீர்ப் பொறுப்பாளரின் திறந்த மடல்

எல்லிப்பட்டினம் நகர மன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களே,

மாண்புமிகு என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. போன ஞாயிறு கேணிக்கரை மாடி அறையில் மிக்சர் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, நம் பகடை விளையாட்டுக்காக வரைகிற, இல்லாத ஓர் ஊரின் தெருவுக்காகத் தொண்டை கிழியச் சண்டை போட்ட ஐந்து பேர்தான் நீங்கள். இருந்தாலும் மன்றம் மன்றம்தான். வருகிற ஞாயிறு வரைபடத்துக்கு மை போட்டு முடித்துவிடுவது என்று போர்த்தலைவர் அறிவித்துவிட்டார். மை காய்ந்த பிறகு பேசிப் பயனில்லை. பென்சில் கோடாக இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். பரமக்குடியிலும் மண்டபத்திலும் நம் வரைபடத்தை வைத்து ஆடப்போவதாகச் சொன்ன இரண்டு கூட்டத்தாரும் படிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

அவர்களுக்காக இரண்டு வரி. வடக்கு ஐரோப்பியக் கதைகளில் வரும் மாய மனிதர்களான எல்ஃப்களைத்தான் நாம் எல்லியர் என்கிறோம். பெயர் வைத்தவர் கருவூலம் பார்க்கும் கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). எல் என்றால் ஒளி, எல்லி என்றால் இரவு. இருட்டில் மினுங்கும் ஆட்களுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. அவர்கள் ஊர் கடலோரத்தில் இருப்பதால் தேவிபட்டினம் போல எல்லிப்பட்டினம்.

இருபது முகப் பகடையை உருட்டி இலாகா பிரித்த அன்று எனக்கு விழுந்தது இரண்டு. பெரிய எண் விழுந்தவர்கள் போர், மந்திரம், கடல்வணிகம், வெளியுறவு, கருவூலம் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது ‘நகரப் பணிகள்’. அதாவது குடிநீர், சாக்கடை, குப்பை, விளக்கு, சுடுகாடு. “உனக்கு வேலையே இருக்காதுடி, எல்லாத்தையும் மந்திரம் பாத்துக்கும்” என்று மந்திர அவைத் தலைவி என்னைத் தேற்றினார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

வரைபடம் அழகு, மறுக்கவில்லை. நான் வீட்டு பிளான் போடும் ஆபீசில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க இருபதுக்கு நாற்பது மனைக்குள் பூஜை அறையையும் மாடிப்படியையும் திணித்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு, ஒன்பது வெண்புன்னை மரங்களின் மேல் ஒரு நகரத்தைப் பார்ப்பதே குளிர்ச்சி. கிழமேலாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு. வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். (தனுஷ்கோடியை அப்படியே திருடியிருக்கிறோம். ஒத்துக்கொள்வோம்.) மரத்துக்கு மூன்று அடுக்கு. உச்சியில் அவைகளும் பெரிய வீடுகளும், நடுவில் கடைவீதியும் கயிற்றுப் பாலங்களும், கீழே வேர்.

அந்தக் கயிற்றுப் பாலச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதிரே ஆள் வந்தால் வயதில் இளையவர் பின்வாங்கி வழிவிட வேண்டும். ஆயிரம் வருடம் வாழ்கிறவர்கள், முகத்தில் சுருக்கம் விழாதவர்கள். ஆகவே பாலத்தின் நடுவில் நின்று முதலில் வயது விசாரிக்க வேண்டும். அதற்கு முன் குலம் கோத்திரம், பாட்டி பெயர், எந்தப் போரின்போது பிறந்தார் என்றெல்லாம் பேச்சு நீளும். சந்தை நாளில் மூன்றாம் பாலம் அரைநாள் அடைபட்டுக் கிடக்கும் என்று வெளியுறவு எழுதியிருந்ததைப் படித்து ஆபீசில் தனியாகச் சிரித்தேன். ஊரின் குணம் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. மாளிகையின் உயரத்தைப் பற்றி நாம் எழுதிய நான்கு பக்கத்தில் அது வரவில்லை.

ஆனால் ஆறு? யாருடைய கை வேலை அது? மணல்திட்டின் குறுக்கே நீல மையில் ஓர் ஆறு. தென்கடலில் பிறந்து வடகடலில் விழுகிறது. நீளம் ஒரு கிலோமீட்டர் தேறாது. இதற்கு ஆறு என்று பெயர் இல்லை, இரண்டு கடலுக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டியிருக்கிறீர்கள். அதில் ஓடுவது உப்புத்தண்ணீர். நமக்குத் தெரிந்த ஆறு வைகை. மேற்கு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வந்தும், மதுரையைத் தாண்டி, பரமக்குடியைத் தாண்டி, நம் இராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தொடுவதற்குள் பல வருடம் மூச்சுப் போய்விடுகிறது. கண்மாய் நிரம்பி மிச்சம் போனால்தான் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைப் பார்க்கும். ஆற்றை நம்பி ஊர் கட்டுவது எப்படி என்று தெரிந்துகொள்ள நம்மைவிட மோசமான இடத்தில் யாரும் பிறந்திருக்க முடியாது. அந்த நாமே நீலப் பேனாவை எடுத்தவுடன் ஆறு வரைகிறோம்.

மணல்திட்டில் தண்ணீர் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. தனுஷ்கோடியில் இன்றைக்கும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் பறித்தால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே நன்னீர்க் கிணறாக இருக்கிறது. இதை ராமர் அம்பு என்றும் சொல்லலாம், மந்திர அவைத் தலைவி தன் கணக்கில் எழுதிக்கொள்ளவும் செய்யலாம். கீழே நடப்பது இதுதான்: மழைத்தண்ணீர் மணலில் இறங்கிக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம். அந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒரு நன்னீர்த் தட்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. கேட்கச் சந்தோஷமாக இருக்கும். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடியை அவசரப்பட்டு உறிஞ்சினால் கீழேயிருந்து நாற்பது அடி உப்பு ஏறி வரும். ஒருமுறை ஏறிய உப்பு இறங்க எத்தனை மழை வேண்டுமோ.

அந்த மெல்லிய தட்டின் மேல்தான் வானளாவும் ஒன்பது வெண்புன்னைகளை நட்டிருக்கிறோம். அவை குடிக்காதா? மரம் தண்ணீரை எடுத்து இலை வழியாகக் காற்றில் விடும். வீட்டுக் குழாயில் விடாது. ‘மரங்களே நீரை உச்சிக்கு ஏற்றித் தரும்’ என்று பக்கம் ஆறில் ஒரு வரியோடு என் இலாகாவையே முடித்துவிட்டீர்கள்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாலிநோக்கத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா அங்கே டேங்க் ஆபரேட்டராக இருந்தவர். ஊரில் யாரும் அவரை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, ‘தண்ணி தொறக்குறவரு’தான். அவரிடம் ஒரு சாவி உண்டு. ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி, மேலே குறுக்குப்பிடி, அடியில் சதுரப் பொந்து. விடிகாலையில் வால்வுத் தொட்டி மூடியை அந்தக் கம்பியால் இரண்டு தட்டு தட்டுவார். அது உள்ளே கிடக்கிற பாம்புக்கு. ஆனால் தெருவே அதை மணியாக வைத்துக்கொண்டது. இரண்டாவது தட்டுக்குள் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். பிறகு சாவியை இறக்கித் திருப்புவார். எத்தனை சுற்று என்பது அவர் கைக்குத்தான் தெரியும். முதலில் காற்று வரும். குழாய் சீறும், இருமும், செம்மண் நிறத்தில் ஒரு வாய் துப்பும். அந்தத் துப்பலை யாரும் பிடிப்பதில்லை, அது கருவேப்பிலைச் செடிக்கு. அதற்கப்புறம்தான் முதல் குடம்.

பள்ளத்தெரு வால்வை அடைத்தால்தான் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறும். அடைத்தால் பள்ளத்தெரு ஏசும். அடைக்காவிட்டால் மேட்டுத்தெரு. “ஏப்பா, எங்க தெரு மட்டும் என்ன சிலோன்லயா இருக்கு?” என்று ஒரு பெரியம்மா தினமும் கேட்பார். அப்பா பதில் சொல்லமாட்டார். செவ்வாய்க்கிழமை மேட்டுத்தெருவுக்கு முதல் தண்ணீர் விடுவார். எங்கள் ஊரில் எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரரோடு எப்படிப் பேசுவார் என்பதில் பாதி அந்த வால்வுகள் இருந்த இடத்தால் ஆனது. இது ஒரு நகரத்தின் குணத்தைப் பற்றிய பேச்சு, மன்றத்தாரே. நடு மரத்தில் எத்தனை ஜன்னல் என்பதைவிட இது முக்கியமான பேச்சு.

நான் எட்டாவது படிக்கும்போது சாலை வேலைக்கு வந்த ஒரு ஒப்பந்தக்காரரின் இயந்திரம் மெயின் குழாயை வெட்டிவிட்டுப் போனது. பதினொரு நாள். சாலைக்காரர்கள் தண்ணீர்க்காரர்களைக் கை காட்டினார்கள், தண்ணீர்க்காரர்கள் சாலைக்காரர்களை. அப்பா சாவியோடு சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் சித்தியும் ஓடையில் ஊத்துத் தோண்டப் போனோம். முழங்கை ஆழத்துக்கு மணலை வாரினால் அடியில் ஈரம் கறுக்கும். அப்புறம் காத்திருக்க வேண்டும். ஓர் உள்ளங்கை அளவு ஊறியதும் சிரட்டையைச் சாய்த்து, அடி மணல் கலங்காமல், மேலாக மட்டும் அள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழமாக ஒரு அள்ளு அள்ளினேன். சித்தி கையைத் தட்டிவிட்டார். “உவரு ஏறிரும்டி, தண்ணிக்கும் மூச்சு வேணும்ல?” ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த நன்னீர்த் தட்டு, நாற்பது அடிக் கணக்கு எல்லாம் நான் பின்னால் டிப்ளமாவில் படித்தது. சித்தி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

போன வாரம் நம் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மரம், பாலம், மாளிகை எல்லாவற்றிலும் விரலை ஓட்டினார். எல்ஃப் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. “சாவி யாருகிட்ட இருக்கும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே என் இலாகாவுக்கு நான் கேட்பவை. முதலில் அந்த ஆற்றை அழியுங்கள். மூன்றாம் மரத்துக்கும் நான்காம் மரத்துக்கும் நடுவில் ஓர் ஊருணி வேண்டும். குளிக்க, துவைக்க, மாடு கழுவ இல்லை, குடிக்க மட்டும். சுற்றிலும் உடைமுள் வேலி, ஒரே படித்துறை, படித்துறைக்கு முன்னால் செருப்பை விடும் கல். நம் ஊருணிகளுக்கு இருந்த அதே ஒழுங்கு. மழை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். அந்த இரண்டு மாதத் தண்ணீரை உச்சி அடுக்குக் கூரைகளிலிருந்து பனை மரத்தைக் குடைந்த தூம்பில் இறக்கி ஊருணிக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு பெரிய இலைக்கூரை வைத்துக்கொண்டு ஒரு தூம்பு வரையவில்லை நாம். மணலில் ஊத்துக்கள் இருக்கட்டும், ஆனால் சிரட்டையால் மட்டும் அள்ள வேண்டும் என்று சட்டம். இறைக்கும் மந்திரம் எதுவும் அங்கே செல்லாது. மந்திர அவைத் தலைவி இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

உச்சி அடுக்குக்குத் தண்ணீர் எப்படி ஏறும் என்கிறீர்களா? 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் வேண்டும் என்று என் ஆபீசில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லியருக்கு மோட்டார் இல்லை. சுமந்துதான் ஏற வேண்டும். மாண்புமிகு மன்றத்தார் தத்தம் குடத்தைத் தாங்களே சுமந்து ஏறட்டும். நம் ஊரில் குடம் அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிப் பழகிய கைகள் யாருடையவை என்று யோசித்தால், பெண்ணாக இருந்துகொண்டு இந்தச் சட்டத்தை எழுதுவதில் எனக்கு ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

சாவி நீர்ப்பாய்ச்சியிடம் இருக்கும். கண்மாய்ப் பக்கத்தில் மடை திறந்து வயலுக்கு முறை வைத்து நீர் விடுகிறவருக்கு நம்மிடம் இருக்கிற பெயர் அது. அதையே எடுத்துக்கொண்டேன். மன்றத்துக்கு அவர் கட்டுப்பட்டவர், ஆனால் மன்றத்தார் வீட்டுக்கு முதல் தண்ணீர் விடக் கூடாது. இன்னொன்று. எல்லியர் சாவதில்லை என்பதால் பதவி காலியாவதே இல்லை. ஒருவரே எழுநூறு வருடம் நீர்ப்பாய்ச்சியாக இருந்தால் ஊர் என்னவாகும்! நம் ஊரில் ஐந்து வருடத்திலேயே தாங்கவில்லை. மூன்று மழைக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஊருணி தூர்வாரும் வேலை குடிமராமத்து. மரத்துக்கு இத்தனை ஆள் என்று முறை. எண்ணூறு வயதுக்காரர் ‘நான் ஏற்கெனவே இருநூறு தடவை வாரிவிட்டேன்’ என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

இனி என்னை உண்மையிலேயே தூங்கவிடாத வரிக்கு வருகிறேன். பக்கம் ஒன்பது: ‘தரையில் குள்ளர்கள் குடியிருப்பர், நகரைத் தூய்மையாக வைத்திருப்பர்.’ அவ்வளவுதான். எல்ஃப் கதைகளில் வரும் இன்னொரு குலமான இந்தக் குள்ளர்களுக்குப் பெயர் இல்லை, தெரு இல்லை, ஊருணியில் பங்கு இல்லை. மேல் அடுக்கில் பாட்டு, கீழ் அடுக்கில் கழிவு. இந்த வரியை யார் எழுதினார் என்று கேட்கப்போவதில்லை. எழுதும்போது நாம் ஆறு பேரும் அறையில்தான் இருந்தோம், ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. கற்பனை ஊர்தானே என்று சொல்லாதீர்கள். கற்பனை என்பதால்தான் கேட்கிறேன். எந்த ஊரில் காலனி எந்தத் திசையில் இருக்கும், சாக்கடை எந்தப் பக்கம் சரியும் என்று யாரும் சொல்லித்தராமலே நம் கை வரைந்துவிட்டது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் இந்த நாட்டில் 1993இல் ஒன்று, அது போதாமல் 2013இல் இன்னொன்று வந்தது. அப்படியும் கழிவுத்தொட்டிக்குள் இறங்கியவர்கள் செத்த செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் வரையலாம் என்ற ஊரிலும் நாம் இதைத்தான் வரைந்தோம்.

என் முடிவு: அந்தந்த மரத்தின் கழிவு அந்தந்த மரத்தின் அடியிலேயே உரக்குழியாகும். குழி மூடுவது அந்த மரத்துக்காரர் முறை. குள்ளர்களுக்கு நான்காம் மரத்தின் நடு அடுக்கு, ஊருணிப் பக்கம், காற்று வரும் திசை. மன்றத்தில் இரண்டு நாற்காலி. இதில் வாக்கெடுப்பு கிடையாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் என் பகடையை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாளிகை விஷயம். ‘வெண்பவளக் கோபுரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். பவளக்கல்லில் ஊர் கட்டியவர்கள் நாம்தான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கல்லுக்குள் பூப்பூவாகப் பவளம் தெரியும். சுண்ணாம்புக்கும் வீட்டுக்கும் என்று வண்டி வண்டியாக அள்ளினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது பவளத்திட்டு. அதைப் பெயர்த்து மாளிகை கட்டினால் அலை நேராக மாளிகைக்கு வரும். 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும். எல்லியர் இயற்கையின் பிள்ளைகள் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, ஆறாவது பக்கத்தில் கடலடியைப் பெயர்க்கிறோம். பனங்கையும் ஓலையும் போதும். ஓலை வீடு கேவலம் என்று நினைப்பவர்கள் ஒரு சித்திரை மத்தியானம் காங்கிரீட் வீட்டில் இருந்து பார்க்கலாம்.

தெருவிளக்கு சீக்கிரம் முடிந்துவிடும். ஒளிரும் கடல்பாசியைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துத் தொங்கவிடுவது பார்க்க அழகுதான். நம் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வதும் அந்த வகைதான். 2019இல் பாம்பன், மண்டபம் பக்கம் கடலே பச்சையாகி, மீன் செத்துக் கரையில் ஒதுங்கியதை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். குடுவை உடைந்தால் ஊருணி போச்சு. புன்னை மரத்து ஊரில் புன்னை எண்ணெய் இருக்கிறது. அந்தக் காலத்தில் விளக்கெரித்த எண்ணெய்தான். புகையும், பரவாயில்லை.

பாலங்களைப் பற்றிக் கடல்வணிகர் கோபப்படக் கூடும். பதினாறு கயிற்றுப் பாலம், ஒரு பழுதுபார்ப்பவர்கூட இல்லை. 1914இல் திறந்த பாம்பன் பாலம் இரும்பு. அதையே உப்புக்காற்று தின்றது. 2022 கடைசியில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. நம் கயிறு பனைநாரா தென்னைநாரா என்பதையே நாம் முடிவு செய்யவில்லை. முறுக்குகிறவர், எண்ணெய் போடுகிறவர், தினமும் காலையில் இழுத்துப் பார்க்கிறவர் என்று மரத்துக்கு மூன்று ஆள் கேட்கிறேன். கருவூலம் பார்க்கும் காக்கா இப்போதே பையைக் கட்டுவது இங்கிருந்தே தெரிகிறது.

புயலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மணல்திட்டின் நுனியில் ஊர் வைத்துவிட்டு! 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இருந்தது, தபால் நிலையம் இருந்தது, சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் ஆட்களோடு கொண்டுபோனது. உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் நிமிர்த்தினார். ஊரை யாரும் நிமிர்த்தவில்லை, வாழத் தகுதியற்றது என்று எழுதி முடித்துவிட்டார்கள். எல்லிப்பட்டினத்துக்கு முதல் வேலையாக மேற்குக் கோடி மரத்தில் கூண்டு ஏற்றும் கம்பம் வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிறார்களே, 1 முதல் 11 வரை, அதே வரிசை. ‘கூண்டு ஏத்திட்டாங்க’ என்ற சொல்லுக்கு நம் கடற்கரையில் பிள்ளைகள்கூட வலையைச் சுருட்டும். கம்பத்துக்குக் கீழே காவலிருக்கக் கடலைப் படித்த ஒரு கிழவர் வேண்டும். கொண்டல் காற்று திரும்புவதை மூக்கால் அறிகிறவர். எல்லியரில் கிழவரே இல்லையென்றால் கரையிலிருந்து ஒரு மீனவரைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்தாற்போல் கிழமேலாக ஓடுவதும் சரியில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஆனி, ஆடியில் மணலை வாரிக்கொண்டு அந்த நேர்க்கோட்டில்தான் ஓடும். ஒரு சீசனில் வேர் அடுக்கு புதைந்துவிடும். வளைத்துப் போடுங்கள். வளைக்கக் காரணம் வேண்டுமா? ஐஸ்லாந்தில் கோபவோகுர் என்ற ஊரில் எல்ஃப்கள் குடியிருப்பதாக நம்பும் ஒரு மேட்டுக்காகச் சாலையே ஒடுங்கிப் போகிறது. அந்தச் சாலைக்குப் பெயரே எல்ஃப் மேட்டுச் சாலை. நம் பக்கம் முனியசாமி பீடத்துக்காக வளையாத சாலை எத்தனை இருக்கும்? ஆகவே நம் தெருக்கள் ஒரு பனைக்காக, ஒரு பீடத்துக்காக, யாரோ ஒரு மூதாட்டி நகர மறுத்த திண்ணைக்காக வளையட்டும். வளைவுக்கு ஒரு கதை வீதம் எழுத வெளியுறவை நியமிக்கிறேன். அவருக்குத்தான் பாலத்துக் கதை எழுதிய கை.

பென்சிலில் என் திருத்தங்களை ஒரு டிரேசிங் தாளில் போட்டு வைத்திருக்கிறேன். ஊருணி பச்சை, தூம்பு சிவப்பு, வால்வுக்குப் பதிலாக மடை ஒன்பது, அவை கறுப்புப் புள்ளி. நீர்ப்பாய்ச்சி வீட்டைப் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் சரி நடுவில் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்து ஏச்சும் ஒரே தூரத்தில் கேட்கும். அப்பா அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கதவை ஊருணியைப் பார்த்து வைக்கச் சொன்னார், தெருவைப் பார்த்து வேண்டாமாம். மாற்றிவிட்டேன். ஞாயிறு ஐந்து மணிக்கு வருகிறேன். நீலப் பேனாவை யாரும் திறக்காமல் இருங்கள்.

இப்படிக்கு,
நகரப் பணிகள் பொறுப்பாளர்,
எல்லிப்பட்டினம் (முகாம்: இராமநாதபுரம்)

பி.கு.: சுடுகாடு விட்டுப்போனது. எல்லியர் சாவதில்லை, இடம் எதற்கு என்று காக்கா கேட்டார். போரில் சாவார்கள் என்று போர்த்தலைவர் விதி நான்கில் எழுதியிருக்கிறார். குள்ளர்கள் எப்படியும் சாவார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடம், கிழக்குக் கோடியில், ஆண்கடல் பக்கமாக. வடக்கே வேண்டாம், அங்கே ஊத்து இருக்கிறது.